வெள்ளிக்கிழமை ரொட்டி

அண்ணை,

இன்று வெள்ளி. நாங்கள் இருக்கிற வோபர்னில் புதிதாக ஒரு மெக்சிக்கோக் கடை திறந்திருக்கிறார்கள். கதவைத் தள்ளியதும் சுடுகல்லில் கோதுமை மா கருகுகிற வாசம். அதே வாசம். உங்களை எரித்து நாற்பது நாளாகிறது. ஒரு சொட்டுக் கண்ணீர் எனக்கு வரவில்லை. அந்த வாசத்துக்கும் வரவில்லை.

அமெரிக்க எல்லையோரத்து அந்த மெக்சிக்கோ ஊரில், எல்லை கடத்திவிடுகிற ஏஜென்சிக்காரன் இந்தா வாறான் அந்தா வாறான் என்று ஏழு மாதம் கிடந்தோமே. சாப்பாட்டுக்கடைக்காரி ஒருத்தியின் பின்னறை. ரொட்டி என்றால் அவவுக்குக் கோதுமை ரொட்டிதான். சோள ரொட்டி தெற்கத்தி ஆக்களுக்கு என்று முகம் சுழிப்பா. வெயிலில் காய்ந்த இறைச்சியைத் தும்புதும்பாக இடித்து முட்டையோடு பொரிப்பா. ஞாயிறு என்றால் ஆட்டுக்குட்டியைத் தணலில் வாட்டுவா. நீங்கள் எலும்பையும் விடமாட்டீர்கள்.

எனக்கு வெள்ளி விரதம். ஊரில் விட்டுவந்த மனுசி உயிரோடு வந்து சேரவேணும் என்று முருகனுக்கு வைத்த நேர்த்தி. ஒரு நேரம் மட்டும், சைவம். மசித்த அவரைவிதையும் ரொட்டியும் கிடைத்ததே என் அதிர்ஷ்டம் என்றிருந்தேன். நாலாம் வெள்ளி அவ சமைக்கிற குசினிக்குள் போய்வந்த நீங்கள், வயிறு சரியில்லை என்று பாயில் சரிந்தீர்கள். அதற்குப் பிறகு வெள்ளி தவறாமல் உங்களுக்கு வயிற்றுக்கோளாறு. நான் பண்ணாத பகிடியா? ஞாயிறு எலும்பு கடித்த வாய்க்கு வெள்ளி என்ன வருத்தம் என்று கேட்பேன்.

"நீர் கதையாமல் சாப்பிடும்" என்பீர்கள்.

இன்று அதே ரொட்டியும் மசித்த அவரைவிதையும் வாங்கினேன். மனுசி வந்து சேர்ந்ததோடு விரதம் முடிந்துவிட்டது. வெள்ளியில் மச்சம் மாமிசம் தின்பதில்லை, அவ்வளவுதான். இரண்டும் மரக்கறிதானே என்று சும்மா கேட்டுவைத்தேன். கவுண்டரில் நின்ற பெண், இரண்டிலும் பன்றிக் கொழுப்பு என்றாள். எல்லைப் பக்கத்து ஊர்களில் அது இல்லாமல் மா குழைப்பதுமில்லையாம், அவரை தாளிப்பதுமில்லையாம்.

வீட்டுக்கு வந்து மனுசியிடம் சொன்னேன். அவ கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. கை நிற்கவில்லை.

"அண்ணை நான் வந்திறங்கின கிழமையே சொன்னவர். 'மூண்டு வெள்ளி தெரியாமல் திண்டிட்டான், தங்கச்சி. நேர்த்தி முறிஞ்சதெண்டு தெரிஞ்சால் உடைஞ்சு போயிடுவான். அதுதான் மிச்ச வெள்ளியெல்லாம் அவனுக்காக நான் பட்டினி கிடந்தனான்' எண்டவர். உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டு என்னட்டைச் சத்தியமும் வாங்கினவர்."

கதிரையில் இருந்தேன். ரொட்டிப் பொதி மேசையில் கிடந்தது. கடதாசியில் எண்ணெய் ஊறியிருந்தது. இத்தனை வருசமும் பார்த்தும் எனக்குத் தெரியாத மனுசனாக இருந்திருக்கிறீர்கள்.

சாப்பிடக் கூப்பிட்டா. விரதம் என்றேன். இப்ப ஆருக்கு என்று கேட்டா. ஒரு கோப்பை தண்ணீர் மட்டும் வார்த்துக் குடித்தேன்.

அழுகை இன்னும் வரவில்லை, அண்ணை. பசிக்கிறது. அந்த வெள்ளிகளில், நான் உங்களுக்கு முன்னால் இருந்து ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்னும்போது, உங்களுக்கும் இப்படித்தான் பசித்திருக்கும்.