இரண்டு பொட்டலம்

ஜூன் 8, 2008. ஞாயிறு

தேனி கோச்சிங் சென்டரில் இன்று ‘வாதத்தைப் பலவீனப்படுத்தும் கூற்று எது’ வகைக் கேள்விகள். உதாரணம்: ஒரு ஊருக்குப் பஸ் விட்டார்கள், பள்ளிக்கு வரும் பிள்ளைகள் கூடினார்கள், ஆகவே பஸ்தான் காரணம். இதை எது உடைக்கும்? அதே மாதம் சத்துணவில் முட்டை போட ஆரம்பித்தார்கள் என்பது. முதலில் சொன்னது நான்!

சண்முகராஜ் சார், “முடிவோட மோதாதீங்க. வாய்விட்டுச் சொல்லாம ஒண்ண நம்பிக்கிட்டு இருப்பாக பாருங்க, அதுல கைய வைங்க” என்றார். பேங்க் ஆபீசர் பரீட்சையில் இதற்கு ஐந்து மார்க். எனக்கு வீட்டிலும் தேவைப்படும்.

ஜூன் 19

அப்பாவிடம் முயன்று பார்த்தேன். “வேலைக்குப் போற பொண்ணு அடங்காது. பிச்சையம்மா மக ஓடிப்போனாளே, பாத்தேல்ல?” என்றார். அவள் ஓடியது பத்தாவது படிக்கும்போது, வேலைக்கே போகவில்லை என்றேன். “அப்ப படிக்க வச்சதே தப்பு” என்கிறார்!

எதை உடைத்தாலும் புதுக் காரணம் முளைக்கிறது. முடிவு மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது: அம்மாவின் அண்ணன், மார்க்கையன்கோட்டை மாமா மகன் சுரேஷ்கண்ணன் எனக்கு முறை மாப்பிள்ளை, தை மாதம் கல்யாணம்.

அடுப்படியிலிருந்து அம்மா, “நீ படிடி, நான் பாத்துக்கிறேன்” என்றாள். போதும். அவள் இருக்கிறாள்.

நவம்பர் 3

எழுத்துத் தேர்வில் பாஸ். அடுத்த மாதம் சென்னையில் இன்டர்வியூ.

அப்பா, “அம்மன்கிட்ட பூக்கட்டிப் பாப்போம்” என்று சொல்லிவிட்டார். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் இன்டர்வியூ, சிவப்பு வந்தால் கல்யாணம். இவ்வளவு வாதாடி, கடைசியில் அரளிப்பூவிடம் வந்து நிற்கிறேன். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு. இந்த வீட்டில் எனக்குக் கிடைத்ததிலேயே அதுதான் அதிகம்.

நவம்பர் 7, வெள்ளி

சிவப்பு.

அத்தை குலவை போட்டாள். எனக்கு என்ன தோன்றியதோ, மிச்சம் கிடந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். அதுவும் சிவப்பு.

எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினேன். உள்ளே ஒரே சந்தோஷம் — ஒரு வாதத்தை இதைவிட எப்படி உடைப்பது? “சாமிகிட்டயே பித்தலாட்டமாப்பா?” என்று கத்தினேன். அப்பா திருதிருவென்று முழித்தார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

“நாந்தான் கட்டுனேன்” என்றாள் அம்மா. “நீ போயிட்டேன்னா எங்கண்ணன் வீட்டு வாசல் எனக்கு அடைஞ்சு போயிரும்டி.”

யாரும் அவளைத் திட்டவில்லை. “கட்டுனது யாரா இருந்தா என்ன, எடுத்துக் குடுத்தது அம்மன்தான்” என்றார் அப்பா. பூசாரி என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

பாவி. பெத்தவளா நீ? அப்பா சொன்னதுல எல்லாம் ஓட்டை கண்டுபிடிச்சேனே — நான் எத நம்பிக்கிட்டு இருக்கேன்னு ஒரு தடவையாச்சும் பாத்தேனா?

டிசம்பர் 12

இன்று இன்டர்வியூ. முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

ஆகஸ்ட் 22, 2010. மார்க்கையன்கோட்டை

போன மாதம் நாத்தனார் மகள் காதுகுத்தில் அப்பாவுக்கு மாலை போட மறந்துவிட்டார்கள். அப்பா பந்தியிலிருந்து எழுந்து போனார். மாமாவும் போகட்டும் என்றார். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

இன்று அம்மா பஸ் ஸ்டாப்பில் நிற்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஓடினேன். இளைத்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் எங்கள் வீட்டு வாசல் தெரியும்.

“வீட்டுக்கு வாம்மா.”

“வேணாம்டி. அண்ணன் பாத்தாகன்னா ஏசுவாக. இங்கனயே நிக்கிறேன். நீ நல்லாருக்கேல்ல?”

அண்ணன் வீட்டு வாசலைப் பற்றிக் கோயிலில் அவள் சொன்னதை உடைக்க இனி நான் எதுவும் தேட வேண்டியதில்லை. ஒரு வரி போதும். இரண்டு வருஷமாக அதற்காகத்தான் காத்திருந்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

“நல்லாருக்கேன்மா” என்றேன். பஸ் வரும்வரை கூட நின்றேன்.