மலையிலிருந்து மூவராகவே திரும்பினோம்

அன்புள்ள பெரியவளுக்கு,

சித்தி எழுதுகிறேன். உடம்பைப் பொறுத்தவரை இங்கே மூவரும் நலம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கிடைத்த நேரத்தில் தூங்கி நலமாக இருக்க வேண்டும். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீயும் நானும் சாப்பாட்டையும் மழையையும் தாண்டிப் போனதில்லை, அதற்குள் நான் அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். எதிரே ஆள் இருந்தால் எனக்கு வாய் வராது. குடிநீர் அலுவலகத்தில் பணம் கட்டும் ஜன்னலுக்குப் பின்னால் இத்தனை வருஷம் உட்கார்ந்தும், யாராவது குரலை உயர்த்தினால் இன்னும் ரசீதில் தேதி மாறிப்போகிறது. அப்பா கண்ணாடிக் கடைக்குக் கண் பார்க்கும் புது மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறார், கடைக்குள் காலெடுத்து வைப்பவர்களை எல்லாம் பிடித்து உட்கார வைத்து "சும்மா தாடையை இதுல வைங்க" என்கிறார். பார்சல் கொடுக்க வந்த மனிதரையும் விடவில்லை, அவருக்கு நிஜமாகவே பார்வையில் குறை இருந்தது, அதிலிருந்து அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, "சித்தப்பா" என்று சொல்லச் சொல்லி மாடி வீட்டுக்காரர் தினமும் சிரிக்கிறார், அவளும் சளைக்காமல் சொல்கிறாள். உன் பரிசோதனைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றே வேலை என்றாயே, வீட்டுக்கு வந்ததும் காலை வெந்நீரில் வைத்து உட்கார். யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அதைச் செய்.

எழுத வந்தது இதுவெல்லாம் இல்லை. போன வாரம் நாங்கள் மூவரும் மலைக்குப் போய் வந்தோம், நீ படித்த அதே மலைக்கு. உன்னிடம் சொல்லாமல் போனோம். சின்னவளிடம் ஊர் சுற்றிப் பார்க்க என்று சொன்னோம், அதுவும் பாதிதான் உண்மை. உன் பள்ளியில் அவளுக்கு இடம் கேட்டு அப்பா எழுதிப்போட்டிருந்தார், நேரில் அழைத்து வரச் சொல்லிப் பதில் வந்திருந்தது. எட்டு வயதானால் சேர்த்துக்கொள்வார்களாம், அவளுக்கு வருகிற மாதம் எட்டு. இது எதையும் அறியாமல் அவள் ஒரு வாரமாகத் தன் சிவப்பு ஸ்வெட்டரை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு வியர்த்து வழிந்தாள். அந்தச் சின்ன ரயில் ஒவ்வொரு குகைக்குள் நுழையும்போதும் பெட்டி முழுக்கக் கூச்சல் போட்டது, அவளும் போட்டாள், உன் அப்பாவும் போட்டார், நான் மட்டும் கைப்பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏரிப் பக்கம் குதிரை வைத்திருப்பவர் ஒருவர் சவாரியோடு சேர்த்து ஊர்க்கதையும் சொன்னார். "வெயிலுக்குப் பயந்துபோன துரைங்க கட்டின ஊரும்மா இது, கோடை வந்துட்டா ஆபீஸையே மூட்டை கட்டிக்கிட்டு மேல வந்துடுவாங்க, பிள்ளைங்களை மட்டும் வருஷம் பூரா இங்கயே விட்டு வெச்சிருந்தாங்க, அதுக்குக் கட்டினதுதான் அந்தப் பெரிய பள்ளிக்கூடம்" என்று கடிவாளத்தாலேயே மேட்டைக் காட்டினார். அப்போ அந்தப் பாப்பாவுக்கெல்லாம் யார் தலை சீவிவிடுவார்கள் என்று குதிரைமேல் இருந்தபடி சின்னவள் கேட்டாள். "அதுக்கு ஆயா இருப்பாங்க கண்ணு, சம்பளத்துக்கு" என்றார் அவர். அப்பா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனி இறங்கி, மிதிபடகில் போனவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போய்ச் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது, அழகான ஊர்தான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கருங்கல் சுவரும் சிவப்புத் தகரக் கூரையும் நான் படத்தில் பார்த்த மாதிரியே இருந்தன.

படத்தில்தான் பார்த்திருந்தேன். நீ அங்கே இருந்த வருஷங்களில் நான் ஒருமுறைகூட மலை ஏறவில்லை. முதலில் லீவு இல்லை என்றேன், பிறகு வயிற்றில் பிள்ளை, அந்த வளைவுகள் ஆகாது என்றேன், அப்புறம் கைக்குழந்தை, குளிர் ஆகாது என்றேன். எல்லாம் உண்மை, உண்மையாக இருந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. என் அப்பா சந்தையில் மூட்டை சுமந்தவர், எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், தெருவில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் படிக்கச் சொல்லி என்னிடம்தான் வருவார்கள். அப்படிப்பட்டவளுக்கு அலுவலகக் காலண்டரில் இருந்த அந்தப் பள்ளிக்கூடம் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பார். உன் அம்மா போன மறு வருஷம் நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன், எனக்கு இருபத்து நான்கு, உனக்குப் பன்னிரண்டு. அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டியது நான்தான். எனக்குக் கிடைக்காததை உனக்குக் கொடுக்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன், கேட்டவர்கள் இப்படி ஒரு சித்தி யாருக்குக் கிடைக்கும் என்றார்கள்.

பள்ளிக்கூடத்தில் விடுதியைக் காட்டியது உன் காலத்து வார்டன் அம்மாதான், இப்போது மூட்டு வலி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறுகிறார். உன் பேரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "அவளா, தங்கமான பொண்ணாச்சே, வந்த அன்னிக்குக்கூட அழலையே" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம், நல்ல மனசு, நிறுத்தவில்லை. "பெத்தவங்க பார்க்க வர்ற நாள்ல மத்த பிள்ளைங்க காலையிலேயே தலை சீவிக்கிட்டு கேட்டுல போய்த் தொங்கும், இவ மட்டும் துவைக்கிற இடத்துக்கு வந்து, எங்க வீட்டுல யாரும் வர மாட்டாங்க மிஸ், எனக்கு ஏதாச்சும் வேலை குடுங்கன்னு நிப்பா, தலையணை உறையெல்லாம் அவதான் மடிச்சு அடுக்குவா, என்ன பொறுப்பு பாருங்க" என்றார். அப்பா ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை வந்திருக்கிறார். நான் அந்தக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போர்வையை ஒரே மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். நீ லீவுக்கு வரும்போதும் அப்படித்தான் மடித்து வைப்பாய், நல்ல பழக்கம் என்று நான் மாடி வீட்டில் பெருமை பேசியிருக்கிறேன்.

சலவைக்குப் போகும் துணிகளில் பேர் இருக்காது, எண்தான் இருக்கும், உனக்குத் தெரியாததா. வார்டன் அம்மா அலமாரியைத் திறந்து, எண் நெய்த வெள்ளை நாடாச் சுருளை எடுத்து, "அக்காவோட நாப்பத்தியொண்ணு இப்ப காலியாத்தான் இருக்கு, அதையே தங்கச்சிக்குக் குடுத்துடலாம், ராசியான நம்பர்" என்று ஊசி நூலோடு என் பக்கம் நீட்டினார், ஒரு மாதிரிக்கு அந்த ஸ்வெட்டரில் தைத்துப் பாருங்கள் என்று. அன்றைக்கு நீ கிளம்பும் முன் உன் பாவாடை, சட்டை, காலுறை என்று ஒன்று விடாமல் நாற்பத்தியொன்று நாற்பத்தியொன்று என்று நான் ஒரே மத்தியானத்தில் தைத்து முடித்தேன். கையெல்லாம் ஊசி குத்தி, அதையும் ஒரு தியாகம் மாதிரி நினைத்துக்கொண்டேன். இப்போது என் கை நீளவில்லை. சின்னவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அக்கா இங்கேயா இருந்தா, ஏன் நம்ம வீட்டுல இல்ல என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறோம் என்று வார்டன் அம்மாவிடம் சொன்னது நான்தான், என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

வெளியே வந்து கட்டைச் சுவரில் உட்கார்ந்தோம். "இடத்துக்கு எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க தெரியுமா, வந்த லட்சுமியை வாசல்லயே நிறுத்திட்டியே" என்று அப்பா கோபித்துக்கொண்டார். இவளை விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப பெரியவளை எப்படி விட்டோம்" என்று கேட்டார். என்னைக் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டவர் மாதிரி இருந்தது. இறங்கும் ரயிலில் அவரே ஒரு வழி சொன்னார். "மாசத்து முதல் ஞாயித்துக்கிழமை போன்ல பேசுவாளே, அப்ப அவகிட்டயே கேட்போம், நல்லா இருந்துச்சுன்னு சொன்னா இவளும் போகட்டும், இல்லேன்னா வேண்டாம்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். உன்னைக் கேட்டால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். நல்லாத்தான் இருந்துச்சுப்பா என்பாய், நான் பக்கத்தில் இருப்பேன் என்று தெரிந்தே சொல்வாய், என் மனம் கோணக்கூடாதென்று. நீ அப்படிச் சொன்னால் சின்னவள் போவாள். அதற்காக, எனக்காகப் பார்க்காதே, பட்டதை அப்படியே சொல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டு வரும்போதுதான் உறைத்தது. அன்றைக்கு என் சௌகரியத்துக்கு உன்னை மேலே அனுப்பினேன், இன்றைக்கு என் பிள்ளையை என்னோடு வைத்துக்கொள்ள நீ பட்ட கஷ்டத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். இரண்டு தடவையும் சுமை உன் தலையில்தான்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார், கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன், அவளைக் கேட்க வேண்டாம், நான் சின்னவளை அனுப்பப்போவதில்லை என்று. ஏன் என்பதையும் சொன்னேன். பெரியவளை நல்ல பள்ளிக்கூடம் என்பதற்காக மட்டும் அனுப்பவில்லை, வீட்டில் நான் எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் பார்வை முன்னால் என்னால் நிற்க முடியவில்லை, அவள் போன அன்று அடுப்படியில் தனியாக நின்று பாட்டு முணுமுணுத்தேன், என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். பிறகு, "அவ முகம் அவ அம்மா முகமாவே இருந்துச்சு, அவ போனதும் எனக்கும்தான் மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு" என்றார். அதற்குமேல் சாப்பிடவில்லை, மெஷினைத் துடைக்க வேண்டும் என்று கடைக்குப் போய்விட்டார். பள்ளிக்கு, இடம் வேண்டாம் என்று நான் எழுதிவிட்டேன், இதோடு சேர்த்தே தபாலில் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பேசும்போது குரல் ஒரு மாதிரி இருந்தால் உடம்புக்கு என்னவோ என்று பயப்படாதே. நீ எதுவும் சொல்ல வேண்டியதில்லை, சொல்லத் தோன்றினால், எவ்வளவு கடுமையாக இருந்தாலும் நான் போனை அப்பாவிடம் கொடுக்க மாட்டேன். மன்னித்துவிடு என்று எழுதி உன்னை மறுபடி நல்ல பிள்ளையாக இருக்கச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆசீர்வாதம் செய்கிற வயசும் எனக்கு இல்லை, உரிமையும் இல்லை, இருந்தாலும் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உன்னைத் தேடி வருகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்து சேர வேண்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். எப்போது லீவில் வந்தாலும் பெட்டியோடு வாசல் அறையிலேயே நின்று, இதை எங்கே வைக்கட்டும் சித்தி என்று கேட்பாய். இனிமேல் கேட்காதே, நேரே உள்ளே வந்து எங்கே தோன்றுகிறதோ அங்கே வை.

இப்படிக்கு,
சித்தி