நகராத எல்லைக்கல் குறித்தும் நகரும் மணல் குறித்தும்

அனுப்புநர்:
ந. ஏகாம்பரம்,
மீன்பிடித் தொழில்,
அலைதாங்கிக்குப்பம் (முகத்துவாரத்தின் தென்கரை),
திருப்பதி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருப்பதி.

பொருள்: முகத்துவாரத்தின் நடுவே நட்ட எல்லைக்கல் நட்ட இடத்திலேயே இருப்பது – மணல் நகர்ந்துவிட்டது – என் வலைக்குத் தண்ணீர் கோருவது – தொடர்பாக.

எதிர்மனுதாரர்கள்: 1. மணல். 2. என் மருமகன் திரு. வேணு, பி.காம்., கொத்தகுப்பம் (வடகரை).

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனு தமிழில் இருப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். எங்கள் இரு குப்பங்களுக்கும் தெலுங்கில் அர்ஜி எழுதித் தருபவர் மேற்படி வேணு ஒருவரே. அவர் மேலேயே புகார் என்பதால் அவரிடம் போய் நிற்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

1. ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், வலை கட்டும் இடத்தையும் முறையையும் நாங்கள் பாடு என்போம். தென்பாதி எங்கள் குப்பத்துக்கு, வடபாதி கொத்தகுப்பத்துக்கு. எந்தப் பாதி எதுவரை என்பதை ஆண்டுதோறும் ஒரு தேங்காய் தீர்மானித்து வந்தது. பங்குனியில் ஒருநாள், ஏறிய கடல் வற்றத் தொடங்கும்போது மஞ்சள் பூசிய தேங்காயை ஏரிப் பக்கம் விடுவோம். தண்ணீர் எங்கே வேகமாக ஓடுகிறதோ அங்கே அடிமணல் அரிபட்டு ஆழமாகும். தேங்காயும் அந்த வழியே கடலுக்குப் போகும். அது போன வழியே அந்த ஆண்டின் எல்லை. குப்பத்துக்கு ஒருவராக இருவர் கூடவே நீரில் நடந்து போவார்கள், தொடக் கூடாது.

2. மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் தரப்பில் நானும் அவர்கள் தரப்பில் மாப்பிள்ளையும் நடந்தோம். தேங்காய் போகிற போக்கில் ஒருமுறை வடக்கே துள்ளியது. சற்றுத் தள்ளித் தெற்கே துள்ளியது. முதல் துள்ளலுக்கு என் முழங்கால் காரணம் என்று வடகரையார் சொல்கிறார்கள். இரண்டாவதற்கு மாப்பிள்ளையின் முழங்கால் காரணம் என்று தென்கரையார் சொல்கிறார்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தபடியால் முழங்கால்கள் விஷயத்தில் நான் சாட்சி சொல்ல இயலாது.

3. அடிதடி வரைக்கும் போனதால் இரு குப்பத்தாரும் சேர்ந்து நிரந்தர எல்லை கேட்டோம். சர்வேயர் ஐயா வந்தார். வானத்துச் செயற்கைக்கோளைக் கேட்டுக் கேட்டு அளந்து, முகத்துவாரத்தின் நடுவில் அப்போது இருந்த திட்டில் சிமெண்டுக் கல் நட்டார். கல்லுக்கு வடக்கே கொத்தகுப்பம், தெற்கே நாங்கள், பழைய வழக்கங்கள் இனிச் செல்லாது என்று எழுத்தில் தந்தார். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கல் இன்றுவரை ஓர் அங்குலமும் நகரவில்லை. அதுவே எங்கள் குறை.

4. முதல் எதிர்மனுதாரரின் நடத்தை பற்றிச் சொல்ல வேண்டும். தென்காற்று மாதங்களில் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்துக்குத் தெண்டி என்று பெயர். அது மணலை வாரிக்கொண்டு வந்து எங்கள் கரையின் முனையில் கொட்டும். முனை நாக்குப் போல வடக்கே நீளும். நீளும் நாக்கு தண்ணீரைத் தள்ள, தண்ணீர் எதிர்க்கரையை அரிக்கும். கடல் ஏறும்போது கொஞ்சம் மணல் ஏரிக்குள் போய்ப் படியும். வற்றும்போது கொஞ்சம் வெளியே போய் அலை உடையும் இடத்தில் மேடாகும். ஐப்பசியில் வெள்ளம் வந்தால் தண்ணீர் நாக்கை உடைத்துக்கொண்டு பழைய வழிக்குத் திரும்பும். இரண்டு ஆண்டுகளாகப் போதிய வெள்ளம் இல்லை. ஆகவே மணல் யாருக்கும் நோட்டீஸ் தராமல் கல்லைத் தாண்டி வடக்கே போய்விட்டது.

5. இப்போது கல் எங்கள் கரையோடு சேர்ந்த மேட்டில், கால் நனையாமல் நிற்கிறது. ஆடுகள் அதில் முதுகு தேய்க்கின்றன. தண்ணீர் முழுவதும் கல்லுக்கு வடக்கே, மாப்பிள்ளை குப்பத்தின் பங்கில். உத்தரவுப்படி எனக்கு உரியது மணல் மட்டுமே. கடந்த வாரம் யாரோ கல்லுக்குக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். அடுத்து கூரை போடுவார்கள், பிறகு அதை அசைக்கத் தங்களாலும் முடியாது. விரைவு வேண்டும்.

6. இந்த நிலையில்தான், ஆறு ஆண்டுகள் காத்திருந்த எனக்கு, குலுக்கலில் முகத்துவாரப் பாடு விழுந்திருக்கிறது. இறால் கூட்டமாக இறங்கும் சித்திரை மாதம் முழுவதும் அது என் முறை. கட்டாமல் விட்டால் முறை கழிந்ததாகக் கணக்கு. மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். இன்னொரு ஆறு ஆண்டுக்கு என் தோள் தாங்காது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

உரிமையை விடக்கூடாது என்று என் பங்கு மணலில் கழி நட்டு ஒருநாள் வலை கட்டிப் பார்த்தேன். தாய் வீட்டுக்கு வந்த என் மகள் பத்மினி அதைப் பார்த்து, "இன்னா நைனா, மணல்ல வலை கட்டிக்கினு நண்டுக்குக் காவல் இருக்கியா?" என்று ஊர் கேட்கச் சிரித்தாள். சிரித்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து வலையை அவிழ்க்கவும் கை கொடுத்தாள்.

7. மேலே உள்ளவற்றை எழுதி முடித்த பிறகு, நேற்று மாலை இரண்டாம் எதிர்மனுதாரர் நேரில் வந்தார். வடகரை அரிபட்டு அவருடைய படகுக் கொட்டகை சரிந்துவிட்டதாம். "எங்க கரையத் தண்ணி துன்னுக்கினே வருது மாமா. படகை ஏத்த எடம் இல்ல" என்றார். பழைய வழக்கப்படி, கரை இழந்தவர் எதிர்க்கரையின் புது மணலில் படகு ஏற்றலாம். கல் வந்தபின் அந்த வழக்கமும் செல்லாது. கல்லுக்கு வடக்கே உள்ள மணலில் அலை ஏறுகிறது. தெற்கே காய்ந்த இடத்தில் ஏற்றினால் எங்கள் ஆட்கள் விரட்டுகிறார்கள். அந்த ஆட்களில் நானும் ஒருவன். எனக்குத் தண்ணீர் இல்லை, அவருக்குத் தரை இல்லை. இருவரும் கல்லருகே உட்கார்ந்து, கீழே உள்ள கோரிக்கைகளைப் பேசி முடித்தோம்.

ஆகவே எதிர்மனுதாரர்களில் இரண்டாமவரை விடுவித்துவிடலாம். மேலே பெயரை அடிக்காததற்குக் காரணம், நல்ல தாளில் எழுதிவிட்டேன். இதன் தெலுங்குப் படியை அவரே எழுதி இணைத்திருக்கிறார். தன் பெயர் வரும் இடங்களில் மரியாதையை அவர் கொஞ்சம் கூட்டியிருப்பதாகச் சந்தேகம்.

தங்களிடம் வேண்டுவது:

அ) கல்லைப் பிடுங்கி வேறு இடத்தில் நட வேண்டாம். அங்கும் மணல்தான் இருக்கிறது. தங்கள் அலுவலக வாசலில் நட்டுக்கொண்டால் நன்றாக நிற்கும்.

ஆ) ஓடும் தண்ணீரே எல்லை என்றும், கரை இழந்தவருக்குப் புது மணலில் இடம் உண்டு என்றும், பழையபடி ஆண்டுக்கொருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்றும் உத்தரவிட வேண்டும்.

இ) சித்திரை பிறப்பதற்குள், இரு குப்பங்களிலும் பெண் கொடுக்காத, பெண் எடுக்காத ஓர் அதிகாரியை அனுப்ப வேண்டும். தேங்காயை அவர் விடட்டும்; கூட நடப்பதும் அவராகவே இருக்கட்டும். தேங்காய் எங்கள் செலவு.

அது கடலில் சேரும்வரை நானும் மாப்பிள்ளையும் கரையில் பக்கம் பக்கமாக, நால்வர் பார்க்க, முழங்கால்களை மடக்கி உட்கார்ந்திருப்போம் என்று உறுதி கூறுகிறோம்.

தங்கள் உத்தரவையும் தண்ணீரையும் எதிர்பார்த்து,

ந. ஏகாம்பரம் (ஒப்பம்)

மொழிபெயர்த்தவர், முழங்கால் உறுதிக்கும் உடன்பட்டவர்: வேணு (ஒப்பம்)

இடம்: அலைதாங்கிக்குப்பம், கல்லுக்குத் தெற்கே
நாள்: 09.03.2026