அடிக்குறிப்புத் தம்பி

மார்ச் 4
பதிப்பகம் கொடுத்த நாவலின் முதல் அத்தியாயத்தைக் கணினியில் பக்கம் பக்கமாக அமைத்து முடித்தேன். எனக்குப் பிடித்த பழைய செரிஃப் எழுத்து. ஒவ்வொன்றின் காலடியிலும் சின்னப் பாதம்; இறங்கும் கோடு தடிப்பு, ஏறும் கோடு மயிரிழை. திரையில் நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

மார்ச் 5
அச்சிட்ட தாள்களை வழக்கம்போல அக்காவிடம் கொடுத்தேன். நான் அச்சுக்கு அமைக்கிற புத்தகங்களுக்கெல்லாம் முதல் வாசகி அவள்தான். கதையைத் திட்டுவதற்கென்றே படிப்பவள். பத்து நிமிடத்தில் "நல்லா இருக்குடி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். திட்டவில்லை. உடம்பு சரியில்லையோ?

மார்ச் 9
இரண்டாம் அத்தியாயத்துக்கும் "நல்லா இருக்கு"தான். ஆனால் நடுவில் ஒரு பக்கத்தை வைக்கவே நான் மறந்திருக்கிறேன். அவள் கேட்கவில்லை.

நேராகவே கேட்டேன். முதலில் பூசி மெழுகினாள். பிறகு, "எழுத்தெல்லாம் அங்கங்க அறுந்து தெரியுது. கண்ணாடி மாத்தியும் பார்த்தாச்சு. இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டார் டாக்டர். நீ ஆசையா செய்யற, எதுக்குச் சொல்லணும்னு இருந்தேன்" என்றாள்.

போன புத்தகம் முடிஞ்சதுலேர்ந்தே, ஆறு மாசமா இப்படியாம். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எனக்குத் தெரியல. நான் என்ன தங்கச்சி?

மார்ச் 10
அந்தத் தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி, மயிரிழைக் கோடுகள் தாளில் இருக்கிற இடமே தெரியவில்லை. ஈய அச்செழுத்தைத் தாளில் அழுத்திய காலத்தில் மை பரவி, மெல்லிய கோடும் கொஞ்சம் சதை போடும். கணினிக்கு வரைந்தவர்கள் ஈயத்தை மட்டும் நகலெடுத்தார்கள், சதையை விட்டுவிட்டார்கள். நானோ பெரிதாக்கிப் பெரிதாக்கியே அழகு பார்த்திருக்கிறேன். பதினெட்டு வருட அனுபவமாம்.

மார்ச் 12
இதே எழுத்துக் குடும்பத்தில், அடிக்குறிப்பின் பொடி அளவுக்கென்று வரைந்த தம்பி ஒருவன் உண்டு. அகன்ற வயிறு, தடித்த பாதம். அவனைப் பெரிய அளவில் கதைக்கே போட்டேன்.

"பட்டு கேட்டா கோணிப்பையைக் கொடுக்கறியேம்மா" என்றார் பதிப்பாளர்.

வாதாடவில்லை. மங்கலான மாடிப்படிக்கு அழைத்துப்போய் பழைய எழுத்தில் ஒன்று, தம்பியில் ஒன்று என இரண்டு பக்கங்களையும் நீட்டினேன். பழையதை எட்ட வைத்தார், கிட்ட வைத்தார், துடைத்தும் பார்த்தார். தம்பியை நின்ற இடத்திலேயே கடகடவென்று வாசித்தார்.

"சரி, இதையே போடு. நான் தாளைத் துடைச்சதை ஆஃபீஸ்ல சொல்லாதே."

மார்ச் 14
முழு நாவலையும் தம்பியில் அச்சிட்டு அக்காவிடம் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாள்.

மார்ச் 17
காலையில் எழுந்தால் அடுப்பெல்லாம் பால் பொங்கி வழிந்து கிடக்கிறது. அக்கா ஜன்னலோரத்தில், மடியில் கடைசி அத்தியாயத்தோடு.

"கடைசியில அவன்கிட்டயே திரும்பிப் போறாளா? எழுதினவனுக்கு மூளை இருக்கா? அதுசரி, நூத்தி நாற்பதாம் பக்கம் எங்கடி?"

அடுப்பைத் துடைத்தபடியே அரைமணி நேரம் திட்டு கேட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பிறகு என் மேசை இழுப்பறையைத் திறந்து, நான் எடுத்து ஒளித்து வைத்திருந்த அந்த நூற்று நாற்பதாம் பக்கத்தை அவளிடம் கொடுத்தேன்.