கருப்பையன் கரையில் தங்கிய மீன்

குரும்பகரம்
27.11.2007

அன்பு மகள் மரீனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஃபிரான்க்கும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை, காரைக்கால் டாக்டர் மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார். போனில் சொல்ல வாய் வராத ஒரு விஷயம் இருப்பதால்தான் இத்தனை நாளுக்குப் பிறகு பேனாவை எடுத்தேன்.

நம் வயலுக்குக் கீழ்ப்பக்கம், நம்மைத் தாண்டிப் போகிற வாய்க்கால் தண்ணீரில் பயிர் வைக்கும் கருப்பையனை உனக்குத் தெரியும். நாறிக் கிடந்த வாய்க்காலைச் சுத்தப்படுத்த மாசி மாதம் வந்த தொண்டு நிறுவனத்துப் பிள்ளைகள் முதலில் அவனிடம்தான் போனார்கள். கரையோரம் பத்தடிக்கு உழாமல், மருந்தடிக்காமல் விட்டால் அவர்களே தூர் வாரி, வெட்டிவேரும் புங்கன் கன்றும் வைத்துத் தருவதாகப் பேச்சு. மருந்து மிஷினை வாய்க்காலில் கழுவக் கூடாது, மாட்டுக் கொட்டகைக் கழிவைக் குழியில் விட வேண்டும். அவனும் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டான். அவனுக்கு இருப்பதோ ஒரு துண்டுக் கரை, எனக்கு அதைப் போல நாலு பங்கு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்த சொல்தா நான் இருக்க, அவன் வாசலில் போய் உட்கார்ந்தார்களே என்று வயிறு எரிந்தது. பிறகு என்னிடமும் வந்தார்கள், கருப்பையனையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஐப்பசியில் புதுத்தண்ணீரோடு வந்த கெண்டைக் குஞ்சுகள்கூட நம் பக்கம் தங்கவில்லை, அவன் கரை வேருக்குள் போய்க் கூட்டம் போட்டன. திருநள்ளாற்றிலிருந்தெல்லாம் விவசாயிகள் வந்து பார்த்தார்கள். நீயும் அந்தப் பிள்ளைகள் இன்டர்நெட்டில் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டு, கருப்பையன் மாமா கெட்டிக்காரர் என்று போனில் சொன்னாய். அந்தச் சொல் என்னை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை. மூன்றாம் நாள் மருந்தடித்து முடித்ததும், தள்ளிப்போய்க் கழுவலாங்களா என்று கூலியாள் கேட்டும் கேளாமல், மிச்ச மருந்தோடு மிஷினை நானே வாய்க்காலில் அலசினேன். மதியத்துக்குள் குஞ்செல்லாம் வெள்ளை வெள்ளையாக மிதந்தன.

கருப்பையன் வந்து, "சொல்தா ஐயா, மீனெல்லாம் செத்துப் போச்சுங்க, மேல யாரும் மருந்து கழுவுனாங்களா, பாத்தீங்களா" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். நான் மிஷின் கழுவியது தெரிந்த அம்மா உள்ளிருந்து இதைக் கேட்டு, அன்று ராத்திரி எனக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். போன ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்க எழுந்தவன், அந்தப் பொய்யோடு வாங்கக் கூடாதென்று மறுபடி உட்கார்ந்துவிட்டேன். பூசை முடிந்து நேரே கருப்பையன் வயலுக்குப் போய், கழுவியது நான்தான் என்று சொன்னேன். அவன் மோட்டார் கொட்டகைக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கொண்டுவந்தான். பட்டாளத்துப் பழக்கத்தில் எல்லாச் சாமானிலும் பெயின்டால் பெயர் எழுதி வைப்பேனே, மருந்து அளக்கிற என் குவளை அது. "அன்னிக்கே மெதந்து வந்துச்சுங்க. அந்தப் புள்ளைங்க பாத்தா ஒங்களுக்குத் தலைகுனிவுன்னு எடுத்து வச்சுட்டேன். நீங்களே சொல்லுவீங்கன்னுதான் வந்து கேட்டேன்" என்றான்.

நேற்று நம் கரை முழுவதற்கும் கையெழுத்துப் போட்டேன். தூர் வாருவது தையில். ஆனாலும் மகளே, பொறாமை போகவில்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தக் குவளையை ஊரெல்லாம் காட்டியிருப்பேன். காட்டாமல் இருக்க அவனுக்கு எப்படி முடிந்தது என்று நினைக்க நினைக்க முன்னைவிட அதிகமாக எரிகிறது.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், பேரனுக்குக் காதை மூடிக் குல்லா போடு. அவனோடு வீட்டில் தமிழில் பேசு. தேவமாதா உங்கள் மூவரையும் கைவிடாமல் காக்கட்டும். அடுத்த முறை போன் செய்யும்போது கருப்பையனோடும் இரண்டு வார்த்தை பேசு, நன்றாகப் பாராட்டு. நான் பக்கத்தில் இருந்தால் மட்டும் வேண்டாம்.

உன் அப்பா
ஓகுஸ்தேன்