மகள் எனக்கு மட்டும் சொன்ன செய்தி

அக்கா,

காலையில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கும் சீடார் உயிர்வேலியைக் கத்தரித்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் அந்த வாசனை போகவில்லை. உங்கள் வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. எனக்கு என்னவோ அந்த வாசனை வந்தால் நீங்கள்தான்.

நாங்கள் இந்த டொலார்-டே-ஓர்மோ ஊரில் வீடு வாங்கி, பின்பக்கம் உயரமாக மரத்தளம் போட்ட அதே வாரம் நீங்கள் இந்த வேலியை நட்டீர்கள். "எங்களைப் பாக்க அவைக்குப் பிடிக்கேல்லைப் போல," என்றார் என் கணவர். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம். அடுத்த நாள் நீங்களே வந்து விளக்கினீர்கள். உங்கள் சமையலறை யன்னலில் நின்றால் எங்கள் மேசையில் என்ன கறி என்பதுவரை தெரிகிறதாம். அயலவரின் முற்றத்தைப் பார்ப்பதும் அவருக்குச் செய்யும் சேதம் என்று உங்கள் யூதச் சட்டம் சொல்கிறதாம். "வேலி உங்களுக்கில்லை, என்ரை கண்ணுக்கு," என்றீர்கள். நீங்கள் பேசியது ஆங்கிலம்தான். என் நினைவில் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல சட்டம் என்று தலையாட்டினேன். அது வேலியோடு முடிந்துவிடும் என்று நினைத்தது என் பிழை.

பக்கத்து ஊரான கர்க்லாண்டில் இருக்கும் மகள் ஒருநாள் காலை தொலைபேசியில் சொன்னாள், தான் எட்டு வாரக் கர்ப்பம் என்று. சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். எங்கள் சனத்தில் நல்ல செய்தியைப் பொத்தி வைத்தால்தான் குற்றம். மத்தியானத்துக்குள் லண்டன் சித்தி அவளைக் கூப்பிட்டு, என்னென்ன சாப்பிடக் கூடாது என்று பாடம் எடுத்து முடித்தார். அவளோ தன் மாமியாருக்கே இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"அம்மா, நான் உங்களுக்குத்தான் சொன்னனான். ஊருக்கில்லை."

அதன்பிறகும் கதைப்பாள். பனி கொட்டுகிறதா, சாப்பிட்டீர்களா, அவ்வளவுதான். பெற்ற பிள்ளை விருந்தாளியிடம் கதைப்பதுபோல் கதைத்தால் தாங்க முடியவில்லை, அக்கா.

அழுதுகொண்டு உங்களிடம் வந்தேன். ஆறுதல் சொல்வீர்கள் என்று பார்த்தால் கேள்வி கேட்டீர்கள்.

"சொல்லலாம் எண்டு மகள் சொன்னவவோ?"

"இல்லை."

"அப்ப அது உங்கடை செய்தி இல்லை."

ஒருவர் சொன்னதை, போய்ச் சொல் என்று அவரே சொல்லும்வரை வெளியே விடக் கூடாது, நல்ல செய்தியானாலும் அப்படித்தான் என்றீர்கள். "அடக்கம் எண்டா எல்லாரும் உடுப்பைத்தான் நினைக்கினம். அது வாய்க்கும் வேணும்." எனக்குச் சுருக்கென்றது.

"இப்ப நான் என்ன செய்யிறது?"

"மன்னிப்புக் கேளுங்கோ. பேந்து அதையும் குழுவிலை போடாதேங்கோ."

அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன். மகள் "ஓம்" என்றாள். ஆனால் பேரன் பிறந்து கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்துக்குப் போகத் தொடங்கிய பிறகும் அவள் தன் மனதில் உள்ளதை என்னிடம் சொல்லவில்லை.

பிறகு நீங்கள் உங்கள் நோயைச் சொன்னீர்கள். "பிள்ளையளுக்கு நானே சொல்லுவன்," என்றீர்கள். நீங்கள் அவர்களுக்குச் சொல்ல இரண்டு மாதம் ஆனது. ஏன் இப்படி மெலிந்துவிட்டார் என்று தெருவில் கேட்டவர்களிடம், "அவவிட்டையே கேளுங்கோ," என்றேன். என் கணவருக்குக்கூடச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் வாழ்நாளில் நான் காத்த முதல் இரகசியம் அதுதான்.

உங்கள் இறுதிச் சடங்கன்று உங்கள் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா எங்களுக்கு முதலே உங்களுக்குச் சொன்னவவாம்," என்றார். பக்கத்தில் நின்ற என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

போன ஞாயிறு அவள் வந்தாள். பேரனை என் கணவரோடு வெளியே அனுப்பிவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்தினாள். "அம்மா, இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை," என்று தொடங்கினாள்.

என்ன சொன்னாள் என்று உங்களுக்கு எழுத எனக்குக் கை துடிக்கிறது. நீங்கள் இனி யாரிடம் சொல்லப் போகிறீர்கள்? ஆனாலும் அக்கா, சொல்லலாம் என்று அவள் சொல்லவில்லை.