எதிர்காற்றில் எழுபது நிமிடம்

ஜனவரி 6, செவ்வாய்

அக்காவுக்குப் பதினெட்டாம் தேதி ஞாயிறுக்கு டிக்கெட் வந்துவிட்டது. ஏழாயிரத்து நானூறு கிலோமீட்டர்! ஆனால் இறங்கி எழுபதே நிமிடத்தில் அடுத்த விமானம். அதுவும் தனி டிக்கெட். பெட்டியை எடுத்து, மறுபடி கவுன்டரில் போட்டு... கவுன்டரையோ நாற்பத்தைந்து நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். யார் போட்ட கணக்கு இது? அப்பாவின் நண்பர், டிக்கெட் அங்கிள்.

அதை விட்டால் மறுநாள்தான். அக்கா பத்தொன்பதாம் தேதி திங்கள் காலை ஒன்பது மணிக்கு அங்கே லேப்பில் வேலைக்குச் சேராவிட்டால், அந்த இடம் அடுத்த ஆளுக்கு.

ஜனவரி 7

அப்பா போனில் ஒரு இணையதளத்தில் தூரத்தைத் தட்டிப் பார்த்தார். "எட்டேகால் மணி நேரம்னு போட்டிருக்கான். டிக்கெட்ல ஒன்பதரை. ஒரு மணி நேரம் மிச்சம், போ."

ஐயோ! அந்தத் தளம் தூரத்தை வேகத்தால் வகுக்குது, அவ்வளவுதான். போறதுக்கும் வர்றதுக்கும் ஒரே நேரம் காட்டுது. மேற்கே போனா எதிர்காத்துன்னு அதுக்குத் தெரியுமா?

ஜனவரி 9

டிக்கெட் அங்கிள் கடைக்கே போனேன்.

"முப்பது வருஷமா டிக்கெட் போடுறேன் பாப்பா. நீ எத்தனை தடவை ஏறியிருக்கே?"

பூஜ்யம். ஏறினதே இல்ல. அதுக்கு? நிலாவுக்கு முதல்ல தூரம் சொன்னவன் நடந்தா போய்ட்டு வந்தான்? — இது வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. சே.

ஜனவரி 11, ஞாயிறு

என் நோட்டை அக்கா முன்னால் வைத்தேன். நாற்பது நாளாக நெட்டில் பார்த்து எழுதிய, அந்த முதல் விமானம் தரையைத் தொட்ட நேரம். பத்தொன்பது நாள் அரை மணிக்கு மேல் தாமதம். வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"ஏண்டி, இதையா தினமும் உக்காந்து எழுதினே?"

"எனக்குப் பிடிச்ச ஃப்ளைட்டு. உனக்கென்ன?"

சிரித்தாள். போனை எடுத்தாள். "அங்கிள், ஞாயித்துக்கிழமை வேண்டாம். சனிக்கிழமைக்கு மாத்துங்க. அடுத்த ஃப்ளைட்டை விட்டாலும் ஒரு நாள் கையில இருக்கும்."

அப்பா என்னோடு பேசவில்லை. பேசாட்டிப் போகட்டும்.

ஜனவரி 18, ஞாயிறு

அக்கா நேற்றே போய்ச் சேர்ந்துவிட்டாள். இன்று, அவள் போயிருக்க வேண்டிய விமானம் ஆறு நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டது. முன்னதாக!

"பாத்தியா?" என்றார் அப்பா. டிக்கெட் அங்கிள் போனில் சிரித்தது அடுத்த அறை வரை கேட்டது.

நோட்டில் எழுதிவிட்டேன். நாற்பத்தேழாவது வரி: ஆறு நிமிடம் முன்பு. அடிக்கல, மாத்தல. ஆனா பாதி நாள் லேட்டா வர்றதை நம்பி அக்காவை ஏத்தவே மாட்டேன். நாளைக்குக் கேட்டாலும் இதேதான் சொல்வேன்.

ஜனவரி 19

அங்கே காலை எட்டரைக்கே அக்காவின் அடையாள அட்டைப் படம் வந்துவிட்டது. போட்டோவில் பாதிக் கண் மூடியிருக்கிறாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கோடையில் அக்காவைப் பார்க்கப் போவதாக வீட்டில் பேச்சு. டிக்கெட் அங்கிள் லைனில் இருந்தார். அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அந்த நோட்ட எடுத்துட்டு வா. மூணு டிக்கெட்டு. நடுவுல எவ்வளவு நேரம் விடலாம்?"

"நாலு மணி நேரம்பா." கெத்தாகச் சொன்னேன்.

அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மூணு டிக்கெட்டு. அப்பா, அம்மா... நான்!